ஆறு மில்லிமீட்டர் இடைவெளி

அக்டோபர் பிறந்ததும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் டிரெய்லர் வீடுகளுக்கு ஓய்வுக் காலம் தொடங்குகிறது. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச்செல்லும் இந்தச் சிறு வீட்டில் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. கோடை முழுக்க ஏரிக்கரை, மலைக்காடு என்று சுற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரை வடித்து, கதவைப் பூட்டிக் கொல்லையிலோ வாடகை மைதானத்திலோ நிறுத்திவிடுகிறார்கள். மறுபடி திறப்பது வசந்தத்தில்தான். இடைப்பட்ட மாதங்களில் பல வண்டிகளில் சுண்டெலிகள் குடித்தனம் நடத்தி முடித்திருக்கும்.

சுண்டெலியின் சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் சாதாரணம். சூடும் தீனியும் கிடைத்தால் வீட்டுச் சுண்டெலி குளிர்காலத்திலும் குட்டி போடும். மெத்தைப் பஞ்சு, சுவருக்குள் இருக்கும் கண்ணாடி இழை, கழிப்பறைக் காகிதம் எல்லாம் கூடாகிவிடும். ஒயரையும் கடித்து வைக்கும். வாகனக் காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது, எலிச் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்று பல பாலிசிகளில் எழுதியே இருக்கிறது.

இந்தக் கவலையை நம்பி ஒரு பெரிய சந்தை நடக்கிறது. புதினா எண்ணெய், வாசனைச் சோப்பு, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி என்று அடுக்கடுக்காக விற்கிறார்கள். அந்த ஒலிக் கருவிகளைப் பற்றி அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2001-இலேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது. அறிவியல் ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்பதே எச்சரிக்கை. கருவிகள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. அந்துருண்டையைக் கைநிறைய அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. அதன் ஆவி, படுத்துறங்கும் மெத்தையிலும் திரையிலும் ஏறி மனிதருக்கே தீங்காகிறது. விஷம் வைத்தால் எலி சுவருக்குள் போய்ச் செத்து நாறும்; விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சாகக்கூடும்.

வாசனையால் எலியை விரட்டிவிடலாம் என்ற நம்பிக்கையை முதலில் கைவிட வேண்டும். எலிக்கு வேண்டியது வழி. அந்த வழியின் அளவு கால் அங்குலம், அதாவது சுமார் ஆறு மில்லிமீட்டர். பென்சில் நுழையும் ஓட்டை போதும். டிரெய்லரின் அடியில் குனிந்து பார்த்தால் இப்படிப் பல ஓட்டைகள் தெரியும். கழிவுநீர்க் குழாய் தரையைத் துளைத்து இறங்கும் இடம், மின்கேபிளை வெளியே இழுக்கும் சிறு கதவு, அடித்தகடு சட்டத்தோடு சேரும் ஓரம், பக்கவாட்டில் நீளும் அறையின் மூலைகள் எல்லாமே வாசல்கள்தான். வெறும் ஃபோமை அடித்து மூடினால் எலி கடித்துத் துளைத்துவிடும். செம்புக் கம்பி நாரை இறுக்கித் திணித்து அதன்மேல் சீலன்ட் பூச வேண்டும். பெரிய இடைவெளிக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை. எரிவாயுக் கசிவு வெளியேறுவதற்காக விட்டிருக்கும் துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது, அது உயிருக்கே ஆபத்து.

இது பொருள் சேதத்தோடு நிற்கும் விஷயமல்ல. 1993-இல் அமெரிக்காவின் தென்மேற்கில், நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில், திடகாத்திரமான இளைஞர்கள் திடீரென மூச்சுத்திணறி இறந்தார்கள். காரணம் ஹன்டா வைரஸ். அதைச் சுமந்தது மான் சுண்டெலி என்று அழைக்கப்படும் வெள்ளை வயிற்றுக் காட்டு எலி. நுரையீரல் பாதிப்பு வரை போனவர்களில் சுமார் 38 விழுக்காட்டினர் இறக்கிறார்கள். தடுப்பூசி இல்லை, குறிப்பான மருந்தும் இல்லை.

2012 கோடையில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் நடந்ததை டிரெய்லர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே தங்கிச் சென்ற 10 பேருக்கு ஹன்டா வைரஸ் தொற்றியது, 3 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தங்கியது குளிர் தாங்குவதற்காக இரட்டைச் சுவர் வைத்துக் கட்டிய புதுவகைக் கூடாரங்களில். இரண்டு சுவருக்கும் நடுவே இருந்த காப்புப் பொருளில் எலிகள் கூடு கட்டியிருந்தன. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த வகையைச் சேர்ந்த 91 கூடாரங்களும் மூடப்பட்டன. மெல்லிய சுவர், உள்ளே மிருதுவான காப்பு, ஓரங்களில் இடைவெளி: டிரெய்லரின் கட்டுமானமும் இதேதான்.

அதனால்தான் வசந்தத்தில் கதவைத் திறந்தவுடன் துடைப்பத்தை எடுப்பது தவறு. காய்ந்த புழுக்கையைப் பெருக்கினால் வைரஸ் தூசியோடு பறந்து மூச்சில் ஏறும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் முறை எளிது: கதவு, சன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் விலகியிருக்க வேண்டும், கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கையும் கூடும் நனையத் தெளிக்க வேண்டும், ஐந்து நிமிடம் ஊறிய பிறகு காகிதத் துண்டால் துடைத்தெடுக்க வேண்டும். வேக்குவம் கிளீனரும் கூடாது.

இத்தனை வேலையும் வாங்கியவர் தலையில் விழுவது நியாயமா? அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் தயாராகிறது. ஆலையிலேயே முழுதாகக் கட்டி, இழுத்துச்சென்று நிறுத்தும் குடியிருப்பு வீடுகளையும் அதே வட்டாரம் செய்கிறது. அந்த வீடுகளுக்கு 1976 முதல் மத்திய அரசின் கட்டுமான விதிகள் உண்டு; குழாயும் காற்றுப்பாதையும் வெளிச்சுவரைத் துளைக்கும் இடங்களை எலி நுழையாதபடி அடைக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. விடுமுறை டிரெய்லர் அந்த மத்திய விதிகளுக்கு வெளியே நிற்கிறது. அதன் கட்டுமானத்துக்கு உள்ள மேற்பார்வை, பெரும்பாலும் தொழில் சங்கத்தின் முத்திரையும் சங்கத்தின் ஆய்வும்தான். ஆலையில் குழாய் பொருத்தும்போதே ஓட்டையை அடைப்பது சில நிமிட வேலை. அதே இடத்துக்குப் பின்னால் கை நுழைக்க, அடித்தகட்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

அரசு விதி வரும்வரை வாங்குகிறவர் ஒன்று செய்யலாம். பணம் கொடுக்கும் முன், இருட்டிய பிறகு வண்டிக்குள் பலமான விளக்கைப் போடச் சொல்லி, அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஒளி கசியும் ஒவ்வோர் இடத்தையும் சுண்ணக்கட்டியால் குறித்து, அடைத்துத் தந்த பிறகே கையெழுத்து என்று விற்பனையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.