விடுதி விருந்தினரும் ஆற்றுப்படையும்

'விருந்து' என்னுஞ் சொல் இன்று உணவையும், உண்ண வந்தவரையும் ஒருங்கே குறிக்கின்றது. தொல்காப்பியரோ செய்யுளியலில் அதனைப் புதுமை என்னும் பொருள்பட வழங்கினார். முன்பின் அறியாதவராய்ப் புதிதாக வந்தவரே விருந்தினர். உறவினர் வேறு. இல்வாழ்வான் ஓம்பவேண்டியவரை எண்ணுமிடத்து வள்ளுவரும் விருந்தையும் ஒக்கலையும் தனித்தனியே வைத்தார். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு நோக்கின், நமது கிழக்குக் கடற்கரைக்கு இந்நாளில் வந்து தங்கும் உல்லாசப் பயணிகளே அச்சொல்லின் முதற்பொருளுக்கு முற்றும் உரியவர் ஆவர். அவர்கள் நம்மிடமிருந்து எதனைக் கொண்டு செல்கின்றனர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சென்ற விடுமுறையிலே யான் பாசிக்குடாவுக்குச் சென்றிருந்தேன். பெரியகல்லாற்றிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு வந்து, அங்கிருந்து வடக்கே வாழைச்சேனை வழியாகப் போதல் வேண்டும். என்னிடம் தமிழ் பயின்ற இளைஞன் ஒருவன் ஆங்கோர் உல்லாச விடுதியில் உணவு பரிமாறும் பணியில் இருக்கின்றான். "ஐயா ஒருநாள் வந்து பார்க்க வேணும்" என்று பலமுறை அழைத்தவன். விடுதியின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. இடம் தூய்மையானது; பணியாளர் பண்பானவர். நெடுந்தொலைவு நடந்து சென்றாலும் இடுப்பளவுக்கு மேற் போகாத அமைதியான கடல் முன்னே விரிந்து கிடந்தது.

வரவேற்பு மேசையிலே, தங்கிச் செல்வோர் தம் கருத்தை எழுதுதற்கென ஒரு குறிப்பேடு இருந்தது. மாணவன் தன் வேலை முடித்து வரும்வரை அதனைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பல நாட்டார் எழுதியிருந்தனர். கட்டிலின் மென்மையை ஒருவர் வியந்திருந்தார். நீச்சற்குளத்தின் நீலத்தை மற்றொருவர். காலையுணவின் வகைகளைப் பலர் பாராட்டியிருந்தனர். குளிரூட்டியின் இரைச்சல், ஆறிப்போன தேநீர், மேசையிலிருந்து பாணைக் கவர்ந்து சென்ற காகம் என்று குறை சொன்னவரும் உளர். நாற்பது பக்கங்கள் புரட்டியபின் ஓர் உண்மை புலனாயிற்று. அவர்கள் எந்த நாட்டில், எந்த ஊரில், எம்மக்கள் நடுவில் தங்கினர் என்பதற்கு அவற்றில் ஒரு சான்றுமில்லை. அக்குறிப்புகளை உலகின் எந்தக் கடற்கரை விடுதிக்கும் மாற்றி வைக்கலாம்.

ஒரேயொரு குறிப்பு வேறுபட்டிருந்தது. முதிய பெண்மணி ஒருவர் எழுதியது. 'பாசிக்குடா' என்பதன் பொருள் யாதெனத் தமக்கு உணவு பரிமாறிய இளைஞனை வினவினாராம், அவனுக்குத் தெரியவில்லையாம், ஆயினும் மிக அழகாகப் புன்னகை செய்தானாம். அப்புன்னகையைப் பாராட்டியே அம்மையார் எழுதியிருந்தார். கீழே இளைஞனின் பெயரும் இருந்தது. அவன் என் மாணவன்.

அவன் வந்தமர்ந்ததும் அதனைக் காட்டினேன். பாசி என்பதை அறிவான். குடா என்பதையும் அறிவான். இரண்டையும் சேர்த்து ஊர்ப்பெயராகப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. அருகிலுள்ள கல்குடாவும் அங்ஙனமே அமைந்த பெயர் என்றேன். "பரீட்சைக்கு அது வரேல்லையே, ஐயா" என்று சொல்லித் தலை குனிந்தான். குனியவேண்டிய தலை அவனுடையதன்று. புணர்ச்சி விதிகளை அவனுக்குக் கற்பித்தவன் யான். அவன் காலடியில் கிடந்த சொல்லைப் புணர்த்துக் காட்டாதவனும் யானே.

விருந்துண்டு மீண்டவன் தான் பெற்றதைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் நம் இலக்கியத்துக்குப் புதியதொன்றன்று. அதற்கென ஒரு தனித்துறையையே வகுத்துக்கொண்டவர் நம் முன்னோர். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணனோ பொருநனோ கூத்தனோ, வழியிலே வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழிசொல்வதாக அவற்றுள் நான்கு அமைந்தன. எஞ்சிய ஒன்று முருகனிடம் ஆற்றுப்படுத்துவது. அவ்வழிசொல்லும் முறைதான் என்னே! சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் அரண்மனையை அடையுமுன்னரே விருந்து தொடங்கிவிடுகின்றது. நெய்தல் நிலத்துப் பட்டினத்தில் நுளையர் தரும் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும் என்கிறது பாட்டு. மருத நிலத்தில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும் என்கிறது. எந்நிலத்தில் எம்மக்கள் வாழ்கின்றனர், அவர் எதனை உண்பர், எவ்வாறு வரவேற்பர் என்பதெல்லாம் வந்துவிடும். நாட்டையும் மக்களையும் நீக்கிவிட்டுக் கட்டிலை மட்டும் புகழ்ந்த பாணன் ஒருவனையும் அங்கே காணோம்.

பாணனுக்கு அது எவ்வாறு இயன்றது? அவன் நடந்து சென்றான்; வழிநெடுக மக்கள் அவனோடு பேசினர். இன்றைய விருந்தினர் விமான நிலையத்திலிருந்து கண்ணாடி அடைத்த வாகனத்தில் வந்திறங்கி, மதிலுக்குள்ளே தங்கி, அவ்வாகனத்திலேயே மீள்கின்றனர். நண்டு அவர்க்கும் கிடைக்கின்றது. அந்நண்டு எந்த வாவியில் பிடிக்கப்பட்டது, பிடித்தவன் எந்நேரத்தில் தோணி ஏறினான் என்று சொல்வாரைத்தான் காணோம். சொல்லாததை அவர் எங்ஙனம் எழுதுவர்?

எங்கள் ஊரில் வேறொரு விருந்தைக் காண்கின்றோம். கதிர்காமத் திருவிழாவை முன்னிட்டு யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாதயாத்திரை அடியார்கள், வெருகலைக் கடந்து மட்டக்களப்பு வழியாகக் கடலோரமாய்த் தெற்கு நோக்கிச் செல்வர். அவர்க்குத் தண்ணீரும் மோரும் சோறும் வழங்க ஊர்கள் காத்திருக்கும். சிறுவயதில் யான் கண்ட காட்சி இன்னும் கண்ணில் நிற்கின்றது. எங்கள் அயலில் வாழ்ந்த மூதாட்டி ஒருத்தி படலையைத் திறந்து வைத்துக்கொண்டு, "சாமி, ஒரு கை சோறு திண்டிட்டுப் போங்க" என்று வழிமறிப்பாள். உண்டவரிடம் எவ்வூர், எத்தனை பிள்ளைகள், என்ன நேர்த்தி என்று கேட்பாள். தன் கதையையும் சொல்வாள். அடுத்த ஆண்டு வேறு ஊராரும் அவள் வீட்டைக் கேட்டு வந்தனர். முன்னே உண்டவர் ஆற்றுப்படுத்தியிருந்தனர்! எழுத்தறியாத அம்மூதாட்டி ஆற்றுப்படையை வாழ்ந்து காட்டினாள்.

"அது அறம், இது வாணிகம். காசு கொடுப்பவன் விருந்தினன் ஆவானா?" என்று சிலர் வினவலாம். அவ்வினாவில் உண்மையுண்டு, ஆயினும் முழுவுண்மை இல்லை. வாணிகத்தை இழித்துரைக்கும் உரிமை நமக்கில்லை. பாசிக்குடாவில் முன்பிருந்த விடுதிகள் போர்க்காலத்தில் அழிந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரை முழுவதையும் உலுக்கியது. 2009 இல் போர் முடிந்த பின்னரே புதிய விடுதிகள் எழுந்தன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள், 2020 இன் பெருந்தொற்று, 2022 இன் பொருளாதார நெருக்கடி என ஒவ்வொன்றும் வந்தபோது விருந்தினர் வரவு நின்றது. அக்காலங்களில் என் மாணவன் வீடு திரும்பி வயலில் வரம்பு கட்டினான். அவன் குடும்பத்தின் அடுப்பு இன்று எரிவது அவ்விடுதிச் சம்பளத்தால். கரையிலே தோணி நிறுத்தவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் சுருங்கிற்று என்று மீனவர் முறையிட்டு வந்ததையும் மறத்தலாகாது. விருந்தினர்க்கு இடம் விடுவதற்காக வீட்டுக்காரனை வெளியே நிறுத்துதல் விருந்தோம்பல் ஆகாது.

தென்கிழக்காசியாவின் பாலித் தீவை நோக்குவோம். இந்தோனேசியாவைச் சேர்ந்த அத்தீவு நெடுங்காலமாக உலகினரை வரவேற்று வருவது. அங்கே நாள்தோறும் ஓலைத் தட்டிற் பூவிட்டு வாயிலில் வைக்கும் வழிபாட்டை விடுதிகளும் விட்டுவிடவில்லை. 1966 இல் சானூர்க் கடற்கரையிலே பன்மாடி விடுதியொன்று எழுந்த பின்னர், கட்டடங்கள் தென்னையின் உயரத்தை விஞ்சலாகாது என்று கருதி 15 மீற்றர் எல்லை வகுத்தனர். அங்கும் குறையில்லாமல் இல்லை. 'கெச்சாக்' என்னும் ஆடல், வால்டர் ஸ்பீஸ் என்னும் செருமானிய ஓவியரின் துணையோடு 1930 களில் வெளியார் காண்பதற்கேற்ப உருமாறியதே. எனினும் அங்கு சென்றவர், தாம் சென்றது பாலி என்பதை மறந்து எழுதுதல் அரிது. வாணிகமும் ஊரின் முகமும் ஒருங்கே நிற்கக்கூடும் என்பதற்கு அஃதொரு சான்று.

நாம் செய்யவேண்டியவை பெரியன அல்ல. விடுதி அறைதோறும் ஊர்ப்பெயரின் பொருளையும் கரையின் கதையையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் வைக்கலாம். உணவுப் பட்டியலில் பிட்டும் இடியப்பமும் சொதியும் எருமைத்தயிரும் தத்தம் பெயரோடேயே இடம்பெறலாம். விடிய விடிய ஆடும் வடமோடிக் கூத்தைக் கால்மணி நேரமாக வெட்டி உணவு மண்டபத்தில் ஆடுவிப்பதைவிட, விரும்பும் விருந்தினரை ஊர்க்களரிக்கே அழைத்துச் செல்லலாம். இவை விடுதியார் கடன்.

நம் கடனோ அதனினும் முந்தியது. வள்ளுவர் விருந்தோம்பலை அன்புடைமைக்கும் இனியவை கூறலுக்கும் இடையிலே வைத்தார். விடுதிப் பயிற்சியாளர் நம் பிள்ளைகட்குப் புன்னகையைக் கற்பித்துவிட்டனர். கூறுதற்குரிய இனியவற்றைக் கற்பிக்க வேண்டியவர் ஆசிரியர். ஆற்றுப்படையின் இலக்கணத்தைக் கேட்டால் ஒப்பிக்கும் மாணவன், தன் ஊருக்கு ஒருவரை ஆற்றுப்படுத்த அறியாதிருப்பின், நாம் கற்பித்தது யாது?

இத்தவணை என் வகுப்பிலே ஒரு சிறு முயற்சி தொடங்கியுள்ளேன். புதியவர் ஒருவரைத் தம் ஊருக்கு ஆற்றுப்படுத்தி ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதுதல் வேண்டும். பாடநூலைப் பார்த்து எழுதலாகாது. முதலிற் பலர் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தனர். பிறகு ஒருவன், எங்கள் ஊரிலே சூரியன் கடலில் எழுந்து வாவியில் விழும் என்றும், ஆகையால் காலையிற் கிழக்குத் தெருவாலும் மாலையில் மேற்குத் தெருவாலும் நடந்து வாருங்கள் என்றும் எழுதினான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூரில் வாழ்கின்றேன். எனக்கு அவ்வாறு சொல்லத் தோன்றியதில்லை.

பொருநராற்றுப்படையிலே கரிகாலன், விடைபெறும் விருந்தினனைப் பின்தொடர்ந்து ஏழடி நடந்து வழிவிடுகின்றான். பேரரசன் நடந்த அவ்வேழடியை நம் இளைஞரும் நடக்கலாம். விடுதி வாயில்வரை விருந்தினரோடு நடக்கும்போது, 'இது பாசிக்குடா. இதன் பொருள் இது' என்று சொல்லி அனுப்பட்டும். அதன்பின் அக்குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்க யான் மீண்டும் போவேன்.