சாக்கெட் பொருந்துவது மட்டும் போதாது

கணினி மந்தமாகிவிட்டது, பிராசசரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது, எந்தப் பிராசசர் நல்லது, விலை என்ன என்பதைத்தான். விசாரணையை மதர்போர்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம். எந்தப் பிராசசர் அந்தக் கணினியில் இயங்கும் என்பதை மதர்போர்டின் சாக்கெட், சிப்செட், பயாஸ் மென்பொருள், மின்சாரம் தரும் பகுதி ஆகிய நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இவற்றில் சாக்கெட் மட்டுமே கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதால், அது பொருந்தினால் எல்லாம் பொருந்திவிடும் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த நம்பிக்கையால்தான்.

2017-இல் நடந்ததைப் பார்ப்போம். அந்த ஆண்டு ஜனவரியில் இன்டெல் மேசைக் கணினிகளுக்கான தனது ஏழாம் தலைமுறை பிராசசர்களையும் அவற்றோடு இசட்270 சிப்செட்டையும் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மேசைக் கணினிகளுக்கான எட்டாம் தலைமுறை வந்தது. இரண்டுக்கும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே சாக்கெட்தான். ஆனால் ஜனவரியில் இசட்270 சிப்செட் கொண்ட மதர்போர்டுப் பலகை வாங்கியவரால் அக்டோபரில் வந்த ஆறு கோர் பிராசசரை அதில் பயன்படுத்த முடியவில்லை. இசட்370 என்ற புதிய பலகை தேவைப்பட்டது. கூடுதல் கோர்களுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும், அதற்காகப் பின்களின் பணியை மாற்றியிருக்கிறோம் என்று இன்டெல் விளக்கியது. பின்னர் ஆர்வலர்கள் சிலர் பயாஸைத் திருத்தி, பழைய பலகைகளிலேயே அந்தப் பிராசசர்களை இயக்கிக் காட்டினார்கள். சாதாரணப் பயனாளர் செய்யக்கூடிய வேலை அல்ல அது. ஆனாலும், பொருத்தம் என்பது முழுக்கப் பொறியியலால் மட்டும் முடிவாவதில்லை, நிறுவனத்தின் தீர்மானமும் அதில் கலந்திருக்கிறது என்பதற்கு அது சான்று.

போட்டி நிறுவனமான ஏஎம்டியின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஏஎம்4 சாக்கெட்டில் முதல் ரைசன் பிராசசர்கள் 2017 மார்ச்சில் வந்தன. 2020 மே மாதம், அடுத்து வரும் ரைசன் 5000 வரிசை எக்ஸ்570, பி550 பலகைகளில் மட்டுமே இயங்கும் என்று நிறுவனம் அறிவித்தது. பழைய பலகைகளில் பயாஸைத் தாங்கும் சிப்பின் கொள்ளளவு பெரும்பாலும் 16 மெகாபைட்தான், எல்லாத் தலைமுறைகளுக்குமான நிரல்களை அதில் அடக்க முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் உண்மையானதே. ஆனால் வாடிக்கையாளர்கள் கடுமையாக எதிர்த்ததும், அதே மாதத்திலேயே பி450, எக்ஸ்470 பலகைகளுக்கு ஆதரவு தருவதாக நிறுவனம் இறங்கிவந்தது. 2022-இல் 2017-ஆம் ஆண்டின் பி350, எக்ஸ்370 பலகைகளுக்கும் அந்த வாய்ப்பு கிடைத்தது. இயலாது என்று சொல்லப்பட்டது, பயனாளர்கள் கேட்டதால் இயன்றது.

இரு நிறுவனங்களின் அணுகுமுறையில் உள்ள இந்த வேறுபாட்டின் விலை இப்போது தெரிகிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் முதல் தலைமுறை ரைசனும் இல்லை, இன்டெல்லின் ஏழாம் தலைமுறையும், ஓரிரு விலக்குகள் தவிர, இல்லை. பி350 பலகை வைத்திருப்பவர், பலகை தயாரிப்பாளர் புதிய பயாஸ் வெளியிட்டிருந்தால், பிராசசரை மட்டும் மாற்றி அந்தத் தகுதியைப் பெறலாம். இசட்270 வைத்திருப்பவருக்கு முறையான வழியில் பலகையையே மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பலகை மாறினால் செலவு அதோடு நிற்பதும் இல்லை. டிடிஆர்5 ரேமுக்கான புதிய பலகையில் பழைய டிடிஆர்4 ரேம் பொருந்தாது. பழைய கூலரைப் பொருத்தப் புதிய பிடிமானம் வேண்டியிருக்கலாம். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் பழைய மதர்போர்டோடு கட்டப்பட்டிருக்கும். பிராசசரின் விலையை மட்டும் எண்ணிக் கடைக்குப் போன ஒரு மாணவரின் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

கடைக்காரர் பார்த்துச் சொல்லமாட்டாரா என்று கேட்கலாம். அனுபவமுள்ளவர் சொல்வார், சென்னை ரிச்சி தெருவில் அப்படிப்பட்டவர்கள் நிறைய உண்டு. ஆனால் உங்கள் வீட்டுக் கணினியில் எந்த மாடல், எந்தத் திருத்தப் பதிப்பு, எந்த பயாஸ் எண் இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் எச்470, இசட்490 பலகைகள் இன்டெல்லின் பதினொன்றாம் தலைமுறையை ஏற்றன. அதே சாக்கெட் கொண்ட எச்410, பி460 சிப்செட்டுகளுக்கு அந்த ஆதரவு இல்லை. ஓர் எழுத்தும் எண்ணும் மாறினால் விடையே மாறிவிடுகிறது. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் பலகையின் பெயரும் பயாஸ் பதிப்பும் தெரியும். அவற்றை வைத்துத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான பிராசசர் பட்டியலைப் பார்க்க வேண்டும். பிராசசரின் பெயரை மட்டும் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. எந்த பயாஸ் பதிப்பிலிருந்து அது இயங்கும் என்பதும் அங்கேயே இருக்கும். பழைய பிராசசர் பலகையில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். இந்த வரிசை தவறியதால் புதிய பிராசசர் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம். 2018-இல் இந்தச் சிக்கலுக்காகவே, பயாஸைப் புதுப்பித்துக்கொள்ள வாடிக்கையாளர்களுக்கு ஏஎம்டி தற்காலிகமாகப் பிராசசர் இரவல் கொடுத்தது.

தொழில்நுட்பம் வளரும்போது சாக்கெட்டும் மாறத்தானே செய்யும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. டிடிஆர்5-க்காக ஏஎம்டியும் 2022-இல் ஏஎம்5-க்கு மாறியது. அதைக் குறை சொல்ல முடியாது. மாற்றம் வரட்டும், ஆனால் எப்போது வரும் என்பதை வாங்கும்போதே சொல்லுங்கள் என்பதுதான் நான் கேட்பது. இன்னொரு தரப்பு, இவ்வளவு பார்ப்பதற்குப் பதில் புதுக் கணினியே வாங்கிவிடலாமே என்கிறது. வசதியுள்ளவர்களுக்கு அது எளிது. ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடு. இன்னும் ஐந்தாண்டுகள் உழைக்கக்கூடிய பலகையையும் ரேமையும் அந்தக் குவியலில் சேர்ப்பதை நான் எளிய தீர்வாக ஏற்க மாட்டேன்.

பயனாளர் சரிபார்ப்பது அவசியம். ஆனால் பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டுவது அநீதி. பொருளின் தரம், திறன் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தருகிறது. அந்த உரிமைக்கு இங்கே பொருள் இருக்க வேண்டுமானால், மதர்போர்டின் அட்டைப்பெட்டியில் அது ஏற்கும் தலைமுறைகளும், பெட்டிக்குள் இருக்கும் பலகையின் பயாஸ் பதிப்பும், புதிய பயாஸ் எந்த ஆண்டுவரை வெளியிடப்படும் என்பதும் அச்சாகியிருக்க வேண்டும். கடைக்காரர் ரசீதில் பலகையின் முழு மாடல் பெயரையும் திருத்தப் பதிப்பையும் எழுதித் தர வேண்டும். எழுதித் தரத் தயங்கும் கடையில் பிராசசர் வாங்காதீர்கள்.