சும்மா வருகிற ஏசி நமக்கு வேண்டாம்



நீங்கள் எல்லாரும் பணம் போட்டு நம்ம பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் கம்ப்யூட்டர் லேபில், சர்வரும் யூபிஎஸ்ஸும் வைக்கிற சின்ன அறை எழும்பிவிட்டது. மேலே கான்கிரீட் தளம், மேற்கு பார்த்த சுவர். சாயங்காலம் நான்கு மணிக்கு அந்தச் சுவரில் கை வைக்க முடியவில்லை.

பெங்களூரில் இருக்கும் நம்ம தம்பி ஒருவர், "சார், எங்க ஆபீஸைக் காலி பண்றாங்க. ரெண்டு டன் ஏசி நாலு சும்மா கிடக்குது, வண்டி வாடகை மட்டும் குடுத்தாப் போதும்" என்றார். குழுவில் எல்லாரும் கை தட்டினீர்கள். நான் மட்டும் வேண்டாம் என்கிறேன். மனசு கோணாமல் காரணத்தைக் கேளுங்கள்.

முதலில் என் தப்பு. வேலையில் இருந்தபோது, ஒரு பள்ளியில் இப்படித்தான் பழைய ஏசி ஒன்றை வாங்கி யூபிஎஸ் அறையில் மாட்டினேன். மாசி மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போய்த் திரும்ப வந்தது. ஏசி வரவில்லை. ரிமோட்டை யாராவது அமுக்கினால்தான் அது ஓடும் என்பதை நான் சோதித்துப் பார்க்கவே இல்லை. திங்கள் காலை கதவைத் திறந்தால் பேட்டரிகள் வீங்கிக் கிடக்கின்றன. அன்றைக்குப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. பிள்ளைகளை பஸ் ஏற்றி அடுத்த ஊர்ப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். பயத்தில் ஒரு பாப்பா அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நாமக்கல்காரர்களுக்குப் பழைய லாரி வாங்கத் தெரியும். எஃப்சி பார்ப்போம், டயர் பார்ப்போம், இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்போம். ஏசி இலவசம் என்றால் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம்?

கணக்குக்கு வருவோம். இயந்திரம் தின்னும் கரண்ட் முழுக்கக் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். நம்ம சர்வர், சுவிட்ச், கேமரா ரெக்கார்டர், யூபிஎஸ்ஸின் இழப்பு எல்லாம் சேர்ந்து சுமார் 1000 வாட். வெயில் தரும் சூட்டுக்கு இன்னொரு 1500 வாட் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் ஏசி சுமார் 3500 வாட் சூட்டை வெளியேற்றும். அப்புறம் எதற்கு இரண்டு டன்? பழைய மாடல் பெரிய ஏசி, சின்ன அறையில் ஓடி நின்று, ஓடி நின்று சீக்கிரம் தேய்ந்துபோகும்.

அதில் இருப்பது ஆர்22 கேஸாக இருந்தால் இன்னொரு தொல்லை. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அதை 2030-க்குள் ஏறக்குறைய முழுக்க நிறுத்த வேண்டும். கழற்றி மாட்டும்போது கேஸ் கசிந்தால் நிரப்பும் செலவு நம்ம தலையில்.

அதற்காகக் கடையில் அதிக ஸ்டார் பார்த்து ஒன்றை வாங்கினாலும் போதாது. ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் வருட யூனிட், 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. நம்ம அறைக்கு வருடம் 8760 மணி நேரம். வீட்டு ஏசியை அப்படி ஓய்வே இல்லாமல் ஓட்டினால் என்றைக்காவது படுத்துக்கொள்ளும்.

ஒன்று படுத்தால் இன்னொன்று எழ வேண்டும். செல்போன் டவர் பக்கத்தில் இருந்த பழைய சின்ன அறைகளில் இரண்டு ஏசிகளை மாற்றி மாற்றி ஓட்டியது இதற்காகத்தான். என் யோசனையும் அதுவே. புதிய ஒரு டன் ஏசி இரண்டு. ஒன்றே அறைக்குப் போதும். டைமர் வைத்து மாற்றி ஓட்ட வேண்டும். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடுகிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே மெயினை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். 18-ல் வைத்துக் குளிர வேண்டாம், 25 போதும். 25-க்கு மேல் பத்து டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் பாதியாகும், அதை மறக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் சூட்டைக் குறையுங்கள். மேற்குச் சுவருக்கு நிழல், மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு. 1984-ல் தொடங்கிய சி-டாட், கிராமங்களுக்காக 128 இணைப்புத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சை ஏசி இல்லாமலே ஓடும்படி செய்தது. 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலாவதை நிறுவினார்கள். நம்ம ஊர் வெயிலையும் தூசியையும் முதலிலேயே கணக்கில் எடுத்த புத்தி அது.

பெங்களூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் மனசு பெரிசு, கண்ணு. ஆபீஸில் சம்மதித்தால் அந்த ஏசிகளை அங்கேயே விற்று, வருகிற பணத்தை அனுப்புங்கள். இரண்டாவது ஏசிக்கு அது உதவும். எலக்ட்ரிகல் வேலையில் இருக்கும் பிள்ளைகள் என் கணக்கில் தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பிசிக்ஸ் வாத்தியார்