புலிக்குக் கறி போடப் போகிறாளா?



போன ஞாயிறு வளைகாப்புப் பந்தியில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தம்பி மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறாள். அடுத்து என்ன என்று கேட்டதற்கு, வன உயிரியல் எம்.எஸ்சி. என்றாள். "அதப் படிச்சிட்டு வண்டலூர்ல புலிக்குக் கறி போடப் போறியா?" என்று ஒருவர் கேட்க, பந்தியே சிரித்தது. பிள்ளை பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். சிரித்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏ.ஜே.டி. ஜான்சிங் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2024 ஜூனில் அவர் காலமானார். அன்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தவை ரோஜாப்பூவும் காலை வணக்கமும்தான்.

1945இல் நாங்குநேரியில் பிறந்தவர். களக்காட்டு மலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். நம் கணக்குப்படி அதோடு வாழ்க்கை செட்டில். வீடு கட்டி, பெண்ணுக்கு நகை சேர்த்து, ஓய்வு பெற்றிருக்கலாம். அவரோ 1976இல் பந்திப்பூர் காட்டுக்குப் போய் இரண்டு ஆண்டுகள் செந்நாய்க் கூட்டத்தின் பின்னால் நடந்தார். செந்நாய் என்றால் அன்று தீங்கு செய்யும் பிராணி. அதைக் கொன்றால் வெகுமதி கொடுத்த காலம் முடிந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதுவரை அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வேட்டைக்காரர் சொன்ன கதை. அந்த விலங்கு எப்படிக் குட்டி வளர்க்கிறது, எதை வேட்டையாடுகிறது, ஒரே காட்டில் புலியோடும் சிறுத்தையோடும் எப்படிப் பிழைக்கிறது என்று அவர் கண்ணால் பார்த்து எழுதினார். ஒன்றுக்கொன்று அளவில் வேறுபட்ட இரையைப் பிடிப்பதால் மூன்றும் ஒரு காட்டில் வாழ முடிகிறது என்பது இன்று பாடப்புத்தக விஷயம். அதற்குப் பின்னால் இப்படி ஒரு நடை இருக்கிறது.

1985இல், நாற்பது வயதில், டேராடூனிலுள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தில் சேர்ந்தார். இந்தி பேசும் ஊர், இமயமலை அடிவாரக் குளிர். அங்கே இருபது ஆண்டுகள் பாடம் நடத்தி, ஆய்வு மாணவர்களைக் காட்டுக்குள் நடக்க வைத்து, 2005இல் புலத் தலைவராக ஓய்வு பெற்றார். கிர் காட்டுச் சிங்கங்களை ஆராய்ந்த ரவி செல்லம் அவரிடம் படித்தவர். நாடெங்கும் இருந்து வந்த வனத்துறை அதிகாரிகளும் அங்கே பயிற்சி பெற்றார்கள். ராஜாஜி காட்டில் கங்கையின் இரு கரைகளுக்கும் இடையே யானைகள் கடந்து போகும் வழி அடைபடக் கூடாது என்று எழுதியும் பேசியும் ஓயாதவர். ஒரு வாத்தியார் இதைவிட வேறென்ன செய்ய வேண்டும்?

"அவர் ஆம்பளை" என்பீர்கள். சரி. களக்காடு மலையில் மரநாய்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கி, வால்பாறையில் அழிந்துபோன மழைக்காட்டை மரம் மரமாக மீட்டு வளர்க்கிறவர் திவ்யா முடப்பா. பெண்தான்.

வேலை குறைவு என்பதை நான் மறைக்கவில்லை. மூன்று ஆண்டு திட்டம், அது முடிந்தால் அடுத்த திட்டம் தேட வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கிச் சொல்வதும் கஷ்டம். இதைச் சொல்லி அவளை யோசிக்கச் சொல்லியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நம் தெருவில் பொறியியல் முடித்துவிட்டு மூன்றாவது முறையாகக் குரூப் 4 எழுதும் பிள்ளைகளைப் பார்த்து யாராவது பந்தியில் சிரித்தோமா?

என் மீதும் ஒரு குற்றம் இருக்கிறது. தொண்ணூறுகளில் கிள்ளைப் பக்கத்துப் பையன் ஒருவன் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தான். பிச்சாவரத்தில் எந்தப் பறவை எந்த மாதம் வரும், எந்த மரத்தில் தங்கும் என்று விரல் விட்டுச் சொல்வான். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரத்தை எனக்குக் காட்டியதே அவன்தான். ஊருக்குள் இல்லாத மரம் அங்கே இருக்கிறது. "டீச்சர், இதெல்லாம் படிக்கிறதுக்குப் படிப்பு இருக்கா?" என்று ஒருநாள் கேட்டான். "முதல்ல கணக்குல பாஸ் பண்ணுடா" என்றேன். பல்கலைக்கழகத்தின் மதிலை ஒட்டிக் குடியிருக்கிறேன். பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் மையம் அறுபதுகளிலிருந்தே இருக்கிறது. ஒருநாள் கூட அவனை அங்கே அழைத்துப் போகத் தோன்றவில்லை. வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான், நன்றாகவே இருக்கிறான். அந்தப் பதிலுக்கு மட்டும் இன்றுவரை எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தம்பி, நீ இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு.

இன்னொன்று. வன உயிரியல் படிக்க டேராடூனுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் அந்த எம்.எஸ்சி. இருக்கிறது. ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் உண்டு. நம் ஊரிலிருந்து மன்னம்பந்தலுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அண்ணாமலை நகரில் தடுக்கி விழுந்தால் பேராசிரியர் வீடு, ஆனாலும் பந்தியில் ஒருவருக்கும் இது தெரியவில்லை!

என் கூடப்பிறந்தவனே, நீ கமெண்ட் போடாமல் படிப்பாய் என்று தெரியும். முதல் தவணைக் கட்டணம் என் பென்ஷனிலிருந்து. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவளும் நானும் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் மயிலாடுதுறை வண்டிக்கு நிற்போம். அவளுடைய மார்க் ஷீட் உன் பீரோவில் இருக்கிறதாம். எடுத்துக்கொண்டு நீயும் வா.