மறைந்துபோன தொகுதி

மனிதருக்கு ஆயுள் உண்டு. ராஜ்யங்களுக்கும் உண்டு என்பதைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். பார்லிமெண்டுத் தொகுதிக்கும் ஆயுள் உண்டென்பதைப் புதுக்கோட்டை ஜில்லாவாசிகள் 2009-ஆம் வருஷத்தில் கண்கூடாகக் கண்டார்கள். தேர்தல் வந்தது, அபேட்சகர்கள் வந்தார்கள், கொடிகளும் கோஷங்களும் வந்தன. புதுக்கோட்டை என்னும் பெயருடைய தொகுதி மட்டும் இல்லை!

அத்தொகுதியின் கதை சுவையற்றதன்று. தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாயிருந்த புதுக்கோட்டை, 1948 மார்ச் 3-ந் தேதி இந்திய யூனியனுடன் இணைந்து, திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று. நான்கு வருஷங்கள் கழித்து 1952-இல் முதற் பொதுத் தேர்தல். தேசமெங்கும் காங்கிரஸ் வெற்றி முரசு கொட்டிய அந்நாளில், நேற்றுவரை மன்னரின் பிரஜைகளாயிருந்த இம்மக்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஆசாரிய கிருபளானி அதற்கு முந்திய வருஷத்தில் தோற்றுவித்த கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சியின் அபேட்சகரான வல்லத்தரசு அவர்களை! வோட்டுச் சீட்டைப் புதிதாய்க் கையில் வாங்கியவர்கள், பெரிய கட்சி என்பதற்காகவே ஒரு கட்சிக்கு அதைக் கொடுத்துவிடவில்லை.

1957-இல் காங்கிரஸின் இராமநாதன் செட்டியார் வென்றார். 1962-இல் கம்யூனிஸ்டுக் கட்சியின் உமாநாத் வந்தார். 1964-இல் அக்கட்சி இரண்டாகப் பிளந்தது. 1967-இல் அதே உமாநாத் மார்க்ஸிஸ்டுக் கட்சியின் சார்பில் மறுபடியும் வென்றார். 1971-இல் தி.மு.க.வின் வீரையா, 1977-இல் அ.தி.மு.க.வின் இளஞ்செழியன், 1980-இல் காங்கிரஸின் சுவாமிநாதன் என ஸ்தானம் கைமாறியது. காங்கிரஸின் சுந்தரராஜ் 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். 1996-இல் தி.மு.க.வின் திருச்சி சிவா, 1998-இல் அ.தி.மு.க.வின் ராஜா பரமசிவம், 1999-இல் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வின் திருநாவுக்கரசர், 2004-இல் தி.மு.க.வின் ரகுபதி. ஆக, 14 தேர்தல்களில் 11 அங்கத்தினர்கள், 7 கட்சிகள். எந்தக் கட்சிக்கும் இத்தொகுதி நிரந்தரக் குத்தகையாக இருந்ததில்லை.

இத்தகைய தொகுதி ஏன் மறைந்தது? 2001-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை ஆதாரமாகக் கொண்டு, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான கமிஷன் தொகுதிகளின் எல்லைகளை மாற்றி வகுத்தது. ஒவ்வொரு தொகுதியிலும் ஏறக்குறையச் சமமான ஜனத்தொகை இருக்கவேண்டும் என்பது அதன் தத்துவம். தத்துவத்தில் குற்றமில்லை; ஒருவனுடைய வோட்டுக்கு மற்றொருவனுடைய வோட்டைவிட நிறை குறைவாக இருத்தல் தகாது. திருச்செந்தூர்த் தொகுதி போய்த் தூத்துக்குடி வந்தது. பெரியகுளம் போய்த் தேனி வந்தது. நாகர்கோவில் போய்க் கன்னியாகுமரி வந்தது. அங்கெல்லாம் பழைய பெயருக்கு ஈடாக அருகிலேயே ஒரு பெயர் கிடைத்தது. புதுக்கோட்டைக்குக் கிடைத்தது பிரிவினை. ஜில்லாவின் ஆறு சட்டசபைத் தொகுதிகளுள் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கும், விராலிமலை கரூருக்கும், அறந்தாங்கி இராமநாதபுரத்துக்கும் போய்ச் சேர்ந்தன. ஒரு ஜில்லா, நான்கு பார்லிமெண்டு அங்கத்தினர்கள்! நால்வர் இருப்பது நல்லதுதானே என்று நேயர்கள் கேட்கலாம். நாலு பேருக்குப் பொதுவான மாடு பட்டினி கிடப்பதைக் கிராமத்தார் அறிவார்கள்.

இனி, அறந்தாங்கித் தொகுதியின் கடற்கரையிலுள்ள கோட்டைப்பட்டினத்துக்கு வருவோம். இக்கரை தொண்டைமான் சீமையைச் சேர்ந்ததன்று. தஞ்சை ஜில்லாவிலிருந்து, 1974-இல் புதுக்கோட்டை ஜில்லா அமைந்தபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. இன்று இங்குள்ளவர்கள் ஜில்லாக் காரியங்களுக்குப் புதுக்கோட்டைக்குப் போகிறார்கள். பார்லிமெண்டுக்கு மட்டும் இராமநாதபுரத்துடன் வோட்டளிக்கிறார்கள். அந்தத் தொகுதியோ புதுக்கோட்டை, இராமநாதபுரம், விருதுநகர் ஆகிய மூன்று ஜில்லாக்களில் பரந்து கிடக்கிறது.

ஆயினும் நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். கோட்டைப்பட்டினத்தின் விசைப்படகுகளும் இராமேசுவரத்தின் விசைப்படகுகளும் ஒரே பாக் நீரிணையில்தான் வலை வீசுகின்றன. 1974, 1976-ஆம் வருஷத்து ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லை இரு ஊராருக்கும் ஒன்றே; இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் துன்பமும் ஒன்றே. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து கடலுக்குச் சென்ற ஒரு படகின் நான்கு பேர் உயிருடன் திரும்பவில்லை. அயல்நாட்டு விவகாரம் டில்லியின் அதிகாரத்தைச் சேர்ந்தது; சட்டசபையில் எத்தனை உரக்கப் பேசினாலும் கொழும்புக்குக் கடிதம் எழுதவேண்டியது மத்திய சர்க்கார். ஆகவே இவ்வூருக்குப் பார்லிமெண்டு அங்கத்தினர் அலங்காரமல்லர், அவசியம். ஒரே கடலை நம்பியவர்கள் ஒரே தொகுதியில் இருப்பதில் பலன் உண்டு. ஜில்லாவுக்கு நஷ்டமான பிரிவினை, இக்கரைக்கு முற்றும் நஷ்டம் என்று சொல்வதற்கில்லை.

அப்படியானால் குறை எங்கே? கேளாமலே வெட்டியதாக ஜனங்கள் நினைப்பதில் இருக்கிறது. தொகுதியை மீட்கவேண்டுமென்று 2009-இல் 49-ஓ விதியின்படி வோட்டளிக்க மறுக்கும் பிரசாரம் ஜில்லாவில் நடந்தது. 2014-இல் எவருக்கும் வோட்டில்லை என்னும் 'நோட்டா' பொத்தானை அழுத்தும்படி வேண்டினார்கள். மனவேதனைக்கு அது ஒரு குரல். ஆனால் எல்லைக்கோட்டை அது ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை. கமிஷனின் உத்தரவு சட்டத்தின் வலிமை உடையது; கோர்ட்டில் வழக்காட முடியாதபடி சட்டமே தடுத்திருக்கிறது. அதை மாற்றக்கூடிய காலம், வரைவுத் திட்டம் பிரசுரமாகி ஆட்சேபங்கள் கேட்கப்படும் அந்தச் சில வாரங்கள்தான். அப்போது பகிரங்கக் கூட்டமும் நடக்கும். யாரும் மனுக் கொடுக்கலாம்.

என்றேனும் ஒருநாள் எல்லைகளை மறுபடி வகுக்கத்தான் போகிறார்கள். அப்போது ஜில்லாத் தலைநகரத்து வக்கீல்கள் மட்டும் மனு எழுதினால் போதாது. கடற்கரையார் தங்கள் கருத்தையும் எழுதவேண்டும்: புதுக்கோட்டையுடன் சேர விரும்புகிறார்களா, இராமநாதபுரத்துக் கடலோரத்துடனேயே இருக்க விரும்புகிறார்களா என்று. வோட்டுரிமை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வருகிறது. யாரோடு சேர்ந்து வோட்டளிப்பது என்று சொல்லும் உரிமையோ ஒரு தலைமுறைக்கு ஒரு முறைதான் வருகிறது. அதைத் தூங்கித் தவறவிட்டுப் பிறகு விழித்துப் புலம்புவது, படித்த ஜனங்களுக்கு அழகன்று.