கிட்னி கொடுக்குறது அம்மா... ஆபரேஷன் எப்படின்னு கேட்டீங்களா?

"கிட்னி மாத்தணும்" என்று டாக்டர் சொன்னதும், விழுப்புரமோ திண்டிவனமோ, எந்த வீட்டிலும் முதலில் எழும் கேள்வி, "யார் கொடுக்குறது?" பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான் "நான் தரேன்" என்று முன்னால் வருகிறார். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால், "எப்படி எடுப்பாங்க?" என்பதையும் கேட்டே ஆகணும்.

பழைய முறை, ஓபன் சர்ஜரி. விலாவை ஒட்டி ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குக் கீறி கிட்னியை எடுப்பார்கள். சிலருக்கு விலா எலும்பில் ஒரு துண்டையும் எடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று லேப்ராஸ்கோப்பி. 1995-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தொடங்கியது. வயிற்றில் மூன்று, நான்கு சின்னத் துளைகள் போட்டு, கேமராவில் பார்த்தபடியே கிட்னியைப் பிரித்து, அடிவயிற்றில் சிறு கீறல் வழியாக வெளியே எடுப்பார்கள்.

சரி, கிட்னியைப் பெறுபவருக்கு எது நல்லது? லேப்ராஸ்கோப்பியில் கிட்னிக்கு ரத்தம் போகாத நேரம் சில நிமிடங்கள் கூடும். அதனால் ஆரம்பத்தில் டாக்டர்களுக்கே தயக்கம் இருந்தது. ஆனால், இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஒரு வருடம் கழித்து கிட்னி வேலை செய்வதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசமெல்லாம் கொடுப்பவருக்குத்தான். லேப்ராஸ்கோப்பியில் வலி குறைவு, சீக்கிரம் டிஸ்சார்ஜ், சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். களையெடுக்கவும் கரும்பு வெட்டவும் போகிற ஒரு பெண்ணுக்கு அது பல நாள் கூலி. ஆனால், துளை சின்னது என்பதற்காக உடனே குடம் தூக்கிவிடக் கூடாது. சில வாரங்கள் கனமான எதையும் தூக்கக் கூடாது.

எல்லோருக்கும் லேப்ராஸ்கோப்பிதான் என்றும் இல்லை. ரத்தக்குழாய் அமைப்பு, முன்பு நடந்த வயிற்று ஆபரேஷன் ஆகியவற்றைப் பார்த்து டாக்டர் ஓபன் சர்ஜரியைச் சொல்லலாம். பாதியில் ஓபனுக்கு மாறினாலும் பயப்பட வேண்டாம், அது கொடுப்பவரின் பாதுகாப்புக்காகத்தான்.

நம்ம பகுதிக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர். இல்லையென்றால் சென்னை அரசு மருத்துவமனைகள். எங்கே போனாலும் கேளுங்க: "எந்த முறை? ஏன்? எத்தனை நாள் ஓய்வு?"

ஆபரேஷனுக்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை கொடுத்தவருக்கு பி.பி, யூரினில் புரதம், கிரியேட்டினின் பார்க்கணும். இந்த டெஸ்ட்டுகளுக்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே போதும்.

கிட்னி வாங்கினவருக்கு வீட்டில் தடிமனா ஒரு ஃபைல் இருக்கும். கொடுத்த அம்மாவுக்கும் ஒரு ஃபைல் போடுங்க.