லாபமில்லா மருந்தை யார் சோதிப்பது?

சிறு அளவு நால்ட்ரெக்சோன் தின்றால் எதிர்ப்புச் சக்தி ஓங்குமாமே, வலி ஓடுமாமே என்று தாமல் நெசவாளத் தோழர்கள் கேட்கிறார்கள்.

போதைப் பழக்கத்தை மீட்க 1984இல் அமெரிக்கா அனுமதித்த மாத்திரை அது. அளவு 50 மில்லிகிராம். இப்போது 4.5 போதும் என்கிறார்கள். உடலெங்கும் தீராவலி கொண்ட 31 பெண்களிடம் 2013இல் ஸ்டான்போர்டிலே பலன் தெரிந்தது. 2024இல் டென்மார்க்கில் 99 பெண்களிடம் தெளிவான பலன் காணோம். எதிர்ப்புச் சக்திக்கோ சான்று இன்னும் சொற்பம். டிரமடால் விழுங்குவோர் இதைத் தொட்டாலோ, ஆபத்து! மருத்துவரைக் கேளாமல் வாங்காதீர்.

பெரிய சோதனை நடத்துவது யார்? காப்புரிமை தீர்ந்த மருந்தை முதலாளி எட்டியும் பாரான். காசநோயாளி வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என 1959இல் உலகுக்குக் காட்டியது, பொதுப்பணத்தில் நடந்த சென்னை ஆராய்ச்சி நிலையமன்றோ? அந்நிலையம் இன்றும் இருக்கிறது. சர்க்கார் பணம் ஒதுக்கட்டும்!